கருகிய ரவுட்டரின் பாதை

அவள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையின் இரண்டு இணையக் கேபிள்களும் அறுந்துவிட்டன. அவள் கணவன் ஓட்டும் ஆம்புலன்ஸில் ஒரு குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் அழைப்புகள் அந்த இணையம் வழியாகத்தான் வரும்; டாக்டரைக் கேட்க அவனுக்கு வழியில்லை. நெட்வொர்க் அறையில் அவளும் கொழுந்தனும் தவித்தார்கள்.

திடீரென்று திரையில், வேறொரு ரவுட்டர் வழியாக வெளியே போகும் ஒரு பாதை முளைத்தது.

"லைன் கிடைச்சிடுச்சு அண்ணி! அண்ணன்கிட்ட டாக்டர் பேசறாரு. எந்தப் புண்ணியவான் ரவுட்டரோ!"

திரையில் அந்த ரவுட்டரின் பெயரை அவள் வாய்விட்டுப் படித்தாள். பழைய கட்டடம் தீப்பிடித்தபோது கருகிப்போன ரவுட்டர் அது. ரவுட்டர் பட்டியலிலிருந்து அதை நீக்க மறந்திருந்தாள்.

"ஐயோ, அதைப் பட்டியல்லேர்ந்து தூக்கிடலாமா அண்ணி?"

"கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. உங்கண்ணன் பேச்சு அதுலதான் போகுது."

அந்தக் கருகிய ரவுட்டர் மூன்று ரவுட்டர் தள்ளி இருப்பதாகத் திரை காட்டியது. பிறகு இரண்டு என்றது.

ஒலிபெருக்கியில் கணவன் குரல் கேட்டது. "குழந்தை அழுவுது டாக்டர். நல்லா மூச்சு விடுது."

திரை ஒன்று என்றது.

"ஒண்ணுன்னா... அது நேரா நம்ம ரவுட்டர்லயே சொருகியிருக்கணுமே அண்ணி."

அவள் தங்கள் ரவுட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். கேபிளே இல்லாத ஒரு துளையில் பச்சை விளக்கு எரிந்தது. தொட்டாள், விரலில் சூடாகக் கரி ஒட்டியது.

கணவன் போனை வைத்துவிட்டான். விளக்கு அணையவில்லை.