பின்பக்கத்துச் சொட்டு

“வேலை ஒண்ணும் இல்லைன்னா என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?”

ஆறு வருடத்துக்கு முன்னால், அவர் பணி ஓய்வு பெற்ற முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கேட்டது அது. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல் மிஷினை விட்டு எழுந்து வந்திருந்தாள். சும்மா பக்கத்தில் உட்காரத்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சும்மா உட்கார்ந்தே அறியாதவளிடம் அதை எப்படிச் சொல்வது? ஷெட்டில் நின்ற பழைய கார் கண்ணில் பட்டது.

“கார்ல பெட்ரோல் ஒழுகற வாசனை வருது. நீ டார்ச் பிடிச்சா எங்கேன்னு பாத்துடலாம்.”

“அப்படிச் சொல்லுங்க” என்று டார்ச்சோடு வந்துவிட்டாள்.

அன்றைக்கு ஒழுகவில்லை. அடுத்த ஞாயிற்றிலிருந்து ஒழுகியது. அந்தக் காரின் இன்ஜினுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என, அதற்குப் பெட்ரோலை அனுப்பும் இரண்டு கார்புரேட்டர்கள். சனிக்கிழமை மாலை அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போகும் நேரம் பார்த்து, முன்பக்கத்துக் கார்புரேட்டரின் அடித் திருகாணியை அரைச் சுற்று தளர்த்திவிடுவார். காலையில் சாவியைத் திருப்பினால் பம்பு டிக் டிக்கென்று பெட்ரோலை ஏற்றும். கீழே விரித்த வெள்ளைத் தாளில் சொட்டு விழும். ஆளுக்கொரு முக்காலி போட்டு, அதைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். மகளைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி, எதைப் பற்றியும்.

ஒழுக்கைப் பிடிக்கவென்று மிதவையை மாற்றினார், ஊசி வால்வை மாற்றினார், வாஷர்களை மாற்றினார். நன்றாக இருந்தவற்றைத்தான் மாற்றினார். கார் தெருமுனையைக்கூடப் பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு ஞாயிறுகளிலும் யாரும் திருகாமலேயே ஒழுகியது. மனைவி வந்து எழுப்ப, போர்வையோடு போய் முக்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வயதான காருக்கு இவ்வளவு புரிதலா என்று நெகிழ்ந்துபோனார்.

வினை மகள் வழியாக வந்தது. வீடு பற்றிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று போனில் சத்தம் போட்டவள், பழைய கார்களுக்கென்றே இருக்கும் ஒரு மெக்கானிக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். தொழிலில் அவருக்குச் சொட்டு டாக்டர் என்று பெயர். அவர் முன்னால் இன்னும் ஒரு சொட்டு விழுந்தாலும், அன்றே காரை இழுத்துப்போய் விற்றுவிடுவது என்பது மகள் அப்பாவிடம் மட்டும் சொன்ன தீர்ப்பு.

எனவே இந்தச் சனிக்கிழமை அவர் தளர்த்தவில்லை. திருகாணியை நன்றாக இறுக்கி, துணியால் துடைத்தும் வைத்தார். டாக்டர் வருவார், ஒன்றும் இல்லை என்பார், போவார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

சொட்டு டாக்டர் வந்ததும் மோந்து பார்த்தார். இரண்டு கார்புரேட்டர்களையும் துடைத்து, ஈரம் தெரிய அடியில் பவுடர் அடித்து, தரையில் தாள் விரித்து, சாவியைத் திருப்பச் சொன்னார். மேலே வழிந்தால் மிதவைக் கோளாறு, அடியில் நனைந்தால் வேறு கோளாறு என்று விளக்கினார். இதற்குள் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். கூடவே சர்க்கரையும் காம்பு முறுக்கிக்கொண்ட ஒரு ஸ்பூனும். அந்த வீட்டில் எல்லா ஸ்பூனும் அப்படித்தான். கேட்டால், இப்போது வருவதெல்லாம் தகரம் என்பாள்.

பம்பு டிக் டிக்கென்றது. முன்பக்கம் காய்ந்தே இருந்தது. அவர் மூச்சை விட்டார்.

“பின்னால சொட்டுது சார்,” என்றார் டாக்டர்.

பின்பக்கத்தை அவர் ஆறு வருடத்தில் ஒரு நாளும் தொட்டதில்லை. சொட்டு தாளில் விழுந்து விரிந்தது. கார் போய்விட்டது. காரோடு ஞாயிறும் போய்விட்டது.

டாக்டர் அடியில் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

“கார்ல கோளாறே இல்லை சார். யாரோ திருகாணியைத் தளர்த்தியிருக்காங்க. ஸ்க்ரூ டிரைவராலயும் இல்லை, திருகாணித் தலையில இருக்கற வெட்டுப் பள்ளம் எல்லாம் தேஞ்சு கிடக்கு. பல வருஷ வேலை.”

சொல்லிக்கொண்டே டீயைக் கலக்க ஸ்பூனை எடுத்தார். காம்பைப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதைத் திருகாணியின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த ஸ்பூனாலேயே திருகாணியை இறுக்கினார். மனைவி ஷெட்டின் கூரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“உங்க பொண்ணுகிட்ட கார் நல்லா இருக்குன்னு சொல்லிடறேன். இனிமே ஒழுகாது,” என்றவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீயைக் குடிக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“நீயா?” என்றார் அவர்.

“முன்னால இருக்கறதை நேத்து நீங்க இறுக்கிட்டீங்களே,” என்றாள் அவள், அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே. “இத்தனை வருஷமா நீங்க மறந்த வாரமெல்லாம் பின்னால இருக்கறதை நான்தான் தளர்த்துவேன். காய்ச்சல்ல படுத்தப்பவும் நான்தான் பாத்துக்கிட்டேன். சரி, இனிமேதான் ஒழுகாதாமே. எனக்கு உள்ளே வேலை இருக்கு.”

இரண்டடி வைத்தவள் நின்றாள். அவர் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“வேலை ஒண்ணும் இல்லை. சும்மா, கொஞ்ச நேரம் என் பக்கத்துல உக்காரு.”