அங்கிப் பையில் ஒரு சீட்டு

"இதைப் படிச்சுப் பாருங்க. இவரையா நாளைக்குச் சபைக்கு மூப்பர் ஆக்கப் போறாங்க?"

சலவைக்கடைக்காரி நீட்டிய சீட்டைக் கணவர் வாங்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே கேட்டார். "எங்க கிடைச்சுது?"

"பாட்டுத் தலைவரோட அங்கிப் பையில."

"அடுத்தவங்க சீட்டை நீ ஏன் பிரிச்ச?"

நியாயமான கேள்விதான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆலயத்துப் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் மாதம் ஒருமுறை அவள் கடைக்குத்தான் சலவைக்கு வரும். குழுவை நடத்துகிறவருக்குப் பாட்டுத் தலைவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தங்கமான மனுஷர் என்பார்கள். அந்தத் தங்கத்தின் பையில் இருந்த சீட்டு இது:

போதகரம்மா – பாட்டு.
கணக்கு வாத்தியார் – முழங்கால்.
தையல்காரர் – ஜெபம்.
சலவைக்கடைத் தங்கச்சி – காலர்.

முதல் மூன்று வரிகளும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன.

"இன்னுமா புரியல? யார் யார்கிட்ட என்ன குறைன்னு எழுதி வச்சிருக்கார். போதகரம்மா சுருதி சேராமப் பாடுறாங்க. வாத்தியார் முழங்கால் வலின்னு எழுந்தே நிக்கிறதில்ல. தையல்காரர் ஜெபத்தை ஆரம்பிச்சா முடிக்கத் தெரியாது. அடிச்சிருக்கிற மூணையும் போதகர்கிட்ட வத்தி வச்சு முடிச்சாச்சு. அடுத்தது நான்!"

"உன் காலர்ல என்ன குறை?"

"அதைத்தானே நானும் கேட்கிறேன்!"

புது மூப்பர் மேல் ஆட்சேபணை இருப்பவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போதகரிடம் சொல்லலாம் என்று மூன்று வாரமாக ஆலயத்தில் அறிவித்திருந்தார்கள். இன்று சனிக்கிழமை. மணி நான்கு.

"அங்கியைக் குடுக்கிற சாக்குல அவரையே நேருக்கு நேர் கேட்டுட்டு, அப்படியே போதகர் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினாள். அந்த அங்கிக்குக் கஞ்சி போடும்போது, ஆத்திரத்தில் ஒரு கரண்டி கூடுதலாகவே விழுந்திருந்தது.

பாட்டுத் தலைவரே கதவைத் திறந்தார். கழுத்தோரத்தில் ஒரு பிளாஸ்திரி.

"வாங்க தங்கச்சி. நானே வந்து வாங்கியிருப்பேனே."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம், அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்தே போனது. அங்கியை அவர் கையில் கொடுத்து, சீட்டையும் எடுத்து நீட்டினாள்.

"இது உங்க அங்கிப் பையில இருந்துச்சு அண்ணே. நான் பிரிச்சுக்கூடப் பார்க்கல."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இதைத்தான் ரெண்டு நாளா தேடுறேன். நீங்க பார்த்திருந்தா எனக்கு வேலை மிச்சமாயிருக்கும். இப்ப நானே சொல்லியாகணும்."

"என்னண்ணே அது?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"நான் சொன்ன பொய்."

"பொய்யா?"

"ஆராதனை முடிஞ்சு வாசல்ல நிக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் தங்கச்சி எனக்குச் சோதனை. போதகரம்மாகிட்ட 'பாட்டு பிரமாதம்'னுட்டேன். வாத்தியாரை 'முழங்கால் எப்படி இருக்கு'ன்னு கேட்டுட்டு, அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நழுவிட்டேன். தையல்காரர்கிட்ட 'உங்களுக்காகத்தான் ஜெபம் பண்றேன்'னு சொன்னேன். ஒரு நாள்கூடப் பண்ணல. வெள்ளை அங்கியைப் போட்டுக்கிட்டே இவ்வளவும் சொல்லியிருக்கேன். உள்ளே இப்படி இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? அதான் எழுதி வச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயா போய்ச் சரி பண்ணிட்டு அடிச்சுடுவேன்."

"போய் என்ன சொல்வீங்க?"

"உள்ளதைத்தான். போதகரம்மாவுக்குச் சுருக்குனு இருந்திருக்கும். ஆனா இப்ப புதன்கிழமைதோறும் என்கூட உட்கார்ந்து பழகுறாங்க. வாத்தியார் வீட்டுக்குப் போய் முழங்காலைப் பத்தி முழுசா கேட்டேன். ஒன்றரை மணி நேரம் சொன்னார். தையல்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அவர் கடையிலேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன்."

சீட்டைப் பிரித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"உங்ககிட்ட வரத்தான் தைரியம் வரல. போன மாசம் கேட்டீங்களே, 'காலர் நல்லா நிக்குதா அண்ணே'ன்னு. 'ரொம்ப சுகமா இருக்கு'ன்னு சொன்னேன்." அவர் கை தானாகக் கழுத்துப் பிளாஸ்திரிக்குப் போனது. "அறுக்குது தங்கச்சி. நாலு பாட்டு பாடுறதுக்குள்ள ரத்தமே வந்துடுது. கஞ்சியைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா புண்ணியமாப் போகும். பொய் சொன்னதுக்கு என்னை மன்னிச்சுடுங்க."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. இப்படி ஒரு மனுஷரையா போதகரிடம் போட்டுக்கொடுக்கக் கிளம்பினோம் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சாச்சுண்ணே" என்றவள், அவர் கையிலிருந்த அங்கியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "இதைக் காலையில தரேன்."

பாட்டுத் தலைவர் பேனாவை எடுத்தார். நான்காவது வரியை அடித்துவிட்டு, பாரம் இறங்கினவராகச் சிரித்தார்.

போன வேகத்தில் அங்கியோடு திரும்பி வந்தவளைக் கணவர் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன, போதகர் வீட்டுக்குப் போகலையா? ஆறு மணிக்குள்ள சொல்லணுமே."

"அவர்மேல எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லைங்க."

வெந்நீர் வைத்து, காலரை முக்கி, கஞ்சி போகும்வரை அலசிக் கொடியில் போட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, துணிகளோடு வைத்து அனுப்பும் சலவைச் சீட்டில் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்:

'பாட்டுத் தலைவர் – பிரிச்சுக்கூடப் பார்க்கல.'