செவலையின் அடுப்பு

அச்சங்குளத்துச் சண்முகத்தாய் தன் செவலைப் பசுவை அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டு ஒரு வருஷம் ஆகிறது. அதன்பின் சாண எரிவாயுத் தொட்டியில் ஒரு கைச் சாணிகூட விழவில்லை. ஆனாலும் தினமும் காலையில் தொட்டியின் இரும்பு மூடி வாயு நிறைந்து உயர்ந்து நின்றது.

“மாடில்லாம கேஸ் எப்பிடி மதினி?” என்றாள் பக்கத்துவீட்டுக் கற்பகவல்லி.

“செவலையைக் கோசாலையிலதான விட்டிருக்கோம். அங்கனயிருந்து சாணி வருது,” என்றாள் சண்முகத்தாய், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“பேசாம கேஸத் தொறந்து விட்ரலாமா?” என்றார் புருஷன், கற்பகவல்லி போனதும்.

“மீத்தேன் வெளிய போனா பூமியே சூடாகும்னு தொட்டி கட்டுனவுக சொன்னாகள்ல? எரிச்சுத்தான் தீக்கணும்.”

மாட்டுப் பொங்கலன்று அந்த வாயு அடுப்பிலேயே பொங்கல் வைத்தாள். மாட்டுக்கு ஊட்டும் முதல் கவளத்தை இலையில் எடுத்து, யாருக்கும் தெரியாமல் தொட்டிக்குப் போனாள். படுத்து அசைபோடும் பசுவின் விலாவைப் போல மூடி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காலடி கேட்டதும் நின்றுவிட்டது.