பிரிச்ச பெட்டி

“பிரிச்ச பெட்டியை நாங்க திரும்ப எடுக்கறதில்லை சார்.”

கவுன்டர் பெண் மறுபடியும் அதையேதான் சொன்னாள். குரலில் சூடு இல்லை, முகத்தில் சுளிப்பு இல்லை. பிரேக் மாஸ்டருக்கு அதுதான் இன்னும் எரிச்சல். அவளும் பதிலுக்குக் கத்தினால் சண்டை களைகட்டும்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க “பிரேக்! பிரேக்!” என்று அலறியே அந்தப் பெயர் வந்தது. தன் வாய்க்கு மட்டும் பிரேக் போட அவருக்குத் தெரியாது என்பது அவர் மனைவியின் கட்சி.

“ஏம்மா, வாங்கறப்பவே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“பில்லுல இருக்கு சார். உங்க தலைக்கு மேலயும் இருக்கு.”

நிமிர்ந்து பார்த்தார். கட்டில் அகலத்துக்கு ஒரு போர்டு: ‘பிரித்த பெட்டி திரும்பப் பெறப்படாது’. ரோட்டில் ஒரு போர்டைக் கவனிக்காமல் போனால், “கண்ணை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்தியா?” என்று கேட்கிற மனுஷர் அவர். நல்லவேளை, அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் யாரும் அப்போது கடையில் இல்லை.

“இவ்வளவு உசரத்துல மாட்டினா எவன் கண்ணுல படும்?” என்றார், விடாமல்.

பக்கத்தில் மகள் நெளிந்தாள். கட்டடம் வரையும் படிப்பு படிக்கிறாள். “எனக்கு அந்தக் கறுப்பு லேப்டாப்தான்ப்பா சரிப்படும்” என்று வாங்கின அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டாள். இவர்தான், “அது செங்கல் மாதிரி இருக்கு. இது பாரு, எவ்வளவு ஒல்லி, என்ன பளபளப்பு! அப்பாவுக்குத் தெரியாதா?” என்று பளபளப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் போய்ப் பிரித்தால், அவளுடைய வரைபட சாஃப்ட்வேர் அதில் திறக்கவே மாட்டேன் என்றது. நாளைக்கு அவள் ஒரு வீட்டின் படத்தைப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பாடமே போச்சு.

தப்பு முழுக்கத் தன்னுடையது என்று மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு சத்தம்.

“அப்பா, மெதுவா பேசுங்கப்பா...”

“நீ சும்மா இரும்மா. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் இவங்கல்லாம் வழிக்கு வருவாங்க.”

கவுன்டர் பெண் மகளைப் பார்த்தாள். “உனக்கு எந்த வேலைக்கும்மா வேணும்?”

மகள் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். செங்கல் கதை உட்பட. மாஸ்டர் அந்த இடத்தில் மட்டும் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

“இருங்க சார், முதலாளியைக் கேட்டுப் பார்க்கறேன். நீயும் வாம்மா.” இருவரும் உள்ளே போனார்கள்.

போனவர்கள் சீக்கிரம் வருவதாக இல்லை. எதிரில் ஆள் இல்லாமல் எவ்வளவு நேரம்தான் முறைப்பது? பிரிண்டருக்கு மை வாங்க வந்த ஒருவர் வசமாக மாட்டினார்.

“நீங்களே சொல்லுங்க சார். பெட்டியைப் பிரிச்சுட்டா உள்ள இருக்கற சாமான் கெட்டுப் போயிடுமா? இது என்ன பாலா, மீனா? துடைச்சு உள்ள வெச்சு அடுத்தவனுக்குக் குடுக்க வேண்டியதுதானே?”

“நியாயம்தான்” என்றார் அவர், வாசலைப் பார்த்தபடி.

“நியாயம்தானே! பொருளைப் பார்க்கணும் சார், அட்டையையா பார்க்கறது? மனுஷனுக்கு மனுஷன் ஒரு நம்பிக்கை வேண்டாமா?”

மாஸ்டருக்குத் தன் பேச்சு தனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு தேர்தலிலாவது நின்றிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் கவுன்டர் பெண் வந்தாள். பின்னாலேயே மகள், ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு. முகமெல்லாம் சிரிப்பு.

“இந்த ஒரு தடவை மாத்திக் குடுக்கச் சொல்லிட்டார் சார். கறுப்பும் அதே விலைதான்.”

ஜெயித்துவிட்டார்! மை வாங்க வந்தவரை, ‘பார்த்தீங்கல்ல?’ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பெட்டியை வாங்கி ஒரு திருப்புத் திருப்பினார். மூடியில் ஒட்டியிருந்த சீல் கிழிந்திருந்தது.

“என்னம்மா இது, சீல் உடைஞ்சிருக்கு?”

“ஆமா சார், அது வந்து...”

“என்ன வந்து போயி? எவனோ பிரிச்சுப் பார்த்து வேண்டாம்னு போட்டதை என் தலையில கட்டப் பார்க்கறீங்களா? என்னைப் பார்த்தா இளிச்சவாயன் மாதிரி தெரியுதா? பிரிச்ச பெட்டியை எவனாவது வாங்குவானா?”

மை வாங்க வந்தவர் மாஸ்டரையும், கவுன்டர் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த மாஸ்டரின் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

மாஸ்டருக்குக் காது சுட்டது. ‘நல்லா பேசினேடா மடையா’ என்று தன்னைத்தானே மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

“எவனோ இல்லப்பா, நான்தான் பிரிச்சேன்” என்றாள் மகள். “என் பென் டிரைவ்ல இருந்த சாஃப்ட்வேரை உள்ளயே போட்டுப் பார்த்துட்டோம். ஜம்முனு ஓடுதுப்பா!”

“அவளைத் திட்டாதீங்க சார், பிரிக்கச் சொன்னது நான்தான்” என்றாள் கவுன்டர் பெண். “விக்கறதுக்கு முன்னாடி பிரிச்சா நாங்கதான் பொறுப்பு. நீங்க வேண்டாம்னுட்டா முதலாளி என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். ஆனா இதுவும் ஓடாம, நாளைக்கும் நீங்க வந்து இவ்வளவு நேரம் கத்தினா, உங்க தொண்டை என்னத்துக்கு சார் ஆகும்?”