நீலாவின் சந்தேகங்கள்

"சார், டெல்டாவை ஏன் எப்சிலான்ல பாதின்னு எடுத்தீங்க?"

நீலா எழுந்து நின்றதுமே பட்டுவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஹவ், ஃபிர் ஷுரூ!" மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று பின் பெஞ்சுப் பையன்கள் இந்தியில் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜம்புநாதன் சார் பெருமூச்சு விட்டபடி போர்டை அழித்துவிட்டு, நிரூபணத்தை முதல் வரியிலிருந்து நிதானமாகப் போட்டார்.

எம்.எஸ்ஸி. கணக்கு வகுப்பில் இது தினப்படிக் கூத்து. கேட்பதென்னவோ நீலாதான். ஆனால் சிரிப்பில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டுவின் தலையிலும் விழுந்தது. இரண்டு பேருக்கும் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ். ஒரே பஸ், ஒரே பெஞ்சு.

பட்டு வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். புரியவில்லை என்று நாலு பேர் எதிரில் சொல்வதற்குப் பதில் பரீட்சையில் முட்டை வாங்கலாம் என்பது அவள் கட்சி. அப்படி ஒன்றும் வந்துவிடவும் இல்லை. சார் இரண்டாம் தடவை போடும்போது அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிடும். நீலாவைவிட நமக்கு மூளை கொஞ்சம் ஜாஸ்தி என்று ஒரு கர்வம்கூட உண்டு, பாவம்!

அன்று பஸ்ஸில் கேட்டேவிட்டாள்.

"ஏண்டி, தினம் ஒரு அசட்டுக் கேள்வியா? உன்னோட சேர்த்து என்னையும் மக்குன்னு நினைக்கறா."

நீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளே பட்டு முதல் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். அதற்குப் பிறகு நீலா எழுந்திருக்கவே இல்லை. சார் மளமளவென்று அடுத்தடுத்த தேற்றத்துக்குப் போனார். பட்டுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

டெஸ்டில் கோட்டை விட்டாள். வகுப்பிலேயே முதல் மார்க் நீலாவுக்கு!

பஸ் ஸ்டாப்பில் பட்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"படிப்பை விட்டுடப் போறேண்டி. ப்ரூஃபெல்லாம் எனக்கு வராது."

"சீ, அசடே! போன மாசம்வரைக்கும் வந்துதே!"

"நீ கேள்வி கேட்டுண்டிருந்தே, ஏதோ புரிஞ்சுது. இப்பல்லாம் ஏன் கேக்கறதே இல்லை? என்மேல கோபமா?"

"கோபமெல்லாம் இல்லைடி" என்று அவள் கண்ணைத் துடைத்தாள் நீலா. "நீ முன்னாடி போய் உட்கார்ந்துட்டே. பின்னாலேருந்து எனக்கு உன் ஜடைதான் தெரியறது. எந்த வரியில நீ முழிக்கறேன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"