கடிக்காத ஷூ

இந்த முறையும் மகள் போனை எடுக்கவில்லை.

எடுத்திருந்தால் அப்பா திட்டியிருப்பார். வண்டி ஓட்டும்போது போன் வந்தால் எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவள் வண்டியில் போகிற நேரம் பார்த்து வேண்டுமென்றே கூப்பிட்டுப் பார்ப்பார். எடுத்துவிட்டால் அன்று மாலை வீட்டில் ரகளைதான்.

இப்போது நன்றாகப் பழகிவிட்டாள்.

மறுபடி கூப்பிடப் போனவர் நிறுத்திக்கொண்டார். கொல்லிமலை ஏற்றம். வளைவுக்கு வளைவு எதிரே பஸ் வரும். சட்டைப் பையில் போன் அதிர்ந்து அவள் கவனம் அந்தப் பக்கம் போனால்?

கூப்பிடவும் பயமாக இருந்தது. கூப்பிடாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் நான்கு வில்லைகள் கிடந்தன. கறுப்பு நிறம். கெட்டி ரப்பர். ஒவ்வொன்றும் சேலத்துத் தட்டுவடை அளவு இருக்கும்.

நேற்று சாயங்காலம் மகளின் ஷூவுக்குள்ளிருந்து அவர் தன் கையால் எடுத்தவை.

பைக் ஓட்டுவதற்கென்றே செய்த ஷூவாம் அது. பார்த்தால் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ மாதிரிதான் இருந்தது. வெள்ளை அடி, துணி மாதிரி மேல்பக்கம், தட்டையான நாடா. அவர் வண்டி ஓட்டிய காலமெல்லாம் கெண்டைக்கால் வரை ஏறும் தோல் பூட்ஸ்தான். அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அது அட்டைப்பெட்டியை விட்டு இறங்கவே இல்லை.

“அதைப் போட்டுட்டுப் போய் ஒரு காபி குடிக்க முடியுமாப்பா? பந்தோபஸ்துக்கு வந்த மாதிரி இருக்கும்.”

ஓட்டவும் வேண்டும், இறங்கி நடக்கவும் வேண்டும், போட்டோவிலும் எடுப்பாக இருக்க வேண்டும். என்ன பிள்ளைகளோ. அவர் சொல்வது எதுவும் இப்போதெல்லாம் எடுபடுவதில்லை. மலைக் குளிருக்குச் சட்டைக்குள் செய்தித்தாள் மடித்து வை என்றால் சிரிப்பாள்.

நேற்று சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டு வந்தாள்.

“கணுக்கால்ல கடிக்குதுப்பா.”

அவருக்குத் தெரியாத வைத்தியமா? எத்தனையோ புதுச் செருப்புகளை வழிக்குக் கொண்டுவந்தவர். குதிகால் பக்கம் தேங்காய் எண்ணெய் தடவுவார். அம்மிக் குழவியால் இரண்டு தட்டு தட்டுவார். அவள் கடைக்குப் போயிருந்த நேரம் ஷூவை மடியில் வைத்து உள்ளே விரல் விட்டுத் துழாவினார். கணுக்கால் பக்கம் ஏதோ கெட்டியாக நெருடியது. ஷூ விறைப்பாக நிற்பதற்குச் சொருகிய அட்டை என்று நினைத்தார். இப்படித்தான் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். பிளேடால் தையலைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் உருவிவிட்டு, ஊசி நூல் கோத்துப் பழையபடி தைத்து, மேலே எண்ணெயும் தடவினார். பிரித்த இடம் அவருக்கே தெரியவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. போட்டுப் பார்த்து அசந்து போகட்டும் என்று ஆசை.

விடிந்ததும் நண்பர்களோடு கிளம்பிப் போய்விட்டாள்.

மேசை துடைக்க வந்த மனைவி தெய்வானைதான் ஒரு வில்லையைக் கையில் எடுத்தாள்.

“ஏங்க, இது அவ ஷூவுக்குள்ள இருந்ததுல்ல? என் விரலைப் பிடிச்சு வெச்சு அழுத்திக் காட்டுனாளே. வண்டி சாஞ்சு கால்மேல விழுந்தாலும் கணுக்காலுக்கு ஒண்ணும் ஆகாதும்மான்னு. இதுக்காகத்தான் இந்த ஷூவையே வாங்குனேன்னு சொன்னா.”

அதிலிருந்து அவர் உட்காரவில்லை.

வண்டி சரிந்தால் முதலில் மாட்டுவது கணுக்கால்தான். அவரோடு வண்டி ஓட்டிய சினேகிதர் ஒருவர் இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

வண்டியை நிறுத்து என்று மெசேஜ் அடித்தார். பதறிவிடுவாள் என்று அழித்தார். நின்றதும் கூப்பிடு என்று போட்டார். இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டார். தெய்வானை நான்கு வில்லைகளையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

போன் அடித்தது. மகள்தான்.

“அப்பா, மேல வந்துட்டோம். ஷூ கடிக்கவே இல்லப்பா! நீங்கதானே ஏதோ பண்ணியிருக்கீங்க? எண்ணெய் வாசம் வந்துச்சு.”

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்கப்பாவுக்குத் தெரியாததே கிடையாதுன்னு இவங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க.”

அந்த நிலையிலும் அவருக்கு மனசு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததை நினைத்து உடனே வெட்கமாக இருந்தது.

ஸ்பீக்கரை அணைக்கச் சொல்ல வாயெடுத்தார். அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னால் போதும்.

அதற்குள் ஒரு பையனின் குரல் குறுக்கே வந்தது.

“அங்கிள், என்னுதும் அதே ஷூதான். செமையா கடிக்குது. என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க, இறங்குறதுக்குள்ள நானும் பண்ணிடறேன்.”

தெய்வானை அவர் முகத்தைப் பார்த்தாள்.

“யாரும் வண்டிய எடுக்காதீங்கப்பா” என்றார். “ஸ்பீக்கர் அப்படியே இருக்கட்டும்.”