தங்கமாட்டார்

“அம்மா, அப்பா தூரம் போற குருவியா?” என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

பரிமளா வேலை பார்த்த வால்பாறைப் பறவை நிலையத்தில், காட்டுக் குருவிகளைப் புது அறைக்குள் விட்டுப் பார்ப்பார்கள். தயங்காமல் கிளைக்குக் கிளை தாவும் குருவி, பிறந்த காட்டைவிட்டுத் தூரம் போய்விடும். இப்போது கல்யாணப் பதிவுக்கு வரும் மனிதர்களுக்கும் அதே சோதனைதான். ஒருவருடைய முடிவை அவருடைய துணையிடம் மட்டும் தருவார்கள். அவள் கணவன் தங்கவேலுவின் சீட்டில் ‘தங்கமாட்டார்’ என்றிருந்தது. பத்து வருடமாக அவள் அதை நம்பினாள்.

“பால் வாங்க ஒரு மணி நேரமா?” என்று ஒரு காலையில் அவனைக் கேட்டாள்.

“மாடு கன்னு போடற வரைக்கும் காத்திருந்தேன், தாயே.”

அவள் சிரிக்கவில்லை. அவன் வேலைக்குப் போனதும் அவனுடைய பெட்டியைத் துழாவினாள். அடியில் அவளுடைய சீட்டு கிடந்தது: ‘தங்கமாட்டார்.’

பத்து வருடத்தில் ஒருநாள்கூட அவன் அவளை ‘எங்கே போகிறாய்’ என்று கேட்டதில்லை.

சீட்டை இருந்தபடியே வைத்து மூடினாள். பழனிக்கு நடந்துபோக அவன் நான்கு வருடமாகக் கேட்கிறான், அவள்தான் விடவில்லை. வீட்டில் யாருமில்லை. அவனுடைய பச்சை வேட்டியைத் துவைத்து உலர்த்தினாள். பையில் அதை மடித்து வைத்து, கால்வலித் தைலத்தையும் சேர்த்து வைத்தாள்.